பத்து எண்ணும் வரை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். முதலில் ஒன்றைப் படித்துக்கொள்: உன் அம்மா உயிரோடு இருக்கிறாள். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே என்ன ஆயிற்றோ என்று அவசரமாகக் கிழித்திருப்பாய். அப்பாவே பேனாவை எடுத்துவிட்டார் என்றால் எடுக்க வேறு ஆள் இல்லை என்றுதானே அர்த்தம். அப்படி ஒன்றும் ஆகிவிடவில்லை. பக்கத்து அறையில் ஜன்னல் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்துவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். துணியை உதறாமல் போடுகிறார்கள் என்று முகத்தில் ஒரு சுளிப்பு. அந்தச் சுளிப்பு மட்டும் மாறவில்லை.

மாறியதைச் சொல்கிறேன். முப்பத்தெட்டு நாளைக்கு முன், ஒரு வியாழக்கிழமை காலையில், சமையலறையில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பால் பொங்கித் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் நான் எழுந்து போனேன். ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கை விழுந்துவிட்டது. வலது காலில் கொஞ்சம் உயிர் திரும்பியிருக்கிறது, என் தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை நடக்கிறாள். பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரிகிறது. திருப்பிச் சொல்லத்தான் வார்த்தை வருவதில்லை.

முப்பத்தெட்டு நாள் கழித்தா ஒரு அப்பன் இதைச் சொல்வான் என்று நீ கேட்பாய். கேள். இந்தக் கடிதம் அதற்குப் பதில்தான். இன்னொன்றும் இருக்கிறது. அது ஏழு வருடமாக நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது. அதை எழுதாமல் பேனாவை மூடுவதில்லை என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நேராக வரத் தெரியவில்லை, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொண்டு படி.

முதலில் நான் எழுதியது மூன்றே வரி. 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பேச்சு இல்லை. முடிந்தால் வரவும்.' உறையை ஒட்டுவதற்கு முன் டீச்சரிடம் காட்டினேன். டீச்சர் என்றால் அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரத்தில் மூன்று நாள் வருகிற பெண். உன் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் என் வயது. படித்துவிட்டு, "சார், இது கடிதமா, மில் வாசல்ல ஒட்டற நோட்டீஸா?" என்று கேட்டாள். பிறகு, "முடிஞ்சா வரவும்னு எழுதினா, வராட்டியும் பரவாயில்லன்னுதான் அவர் படிச்சுக்குவார். உங்களுக்குப் பரவாயில்லையா சார்?" என்றாள். அவள் விடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். பரவாயில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கச் சொன்னதும் அவள்தான். எழுதிவிட்டு எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மர மில்லில் முப்பத்திரண்டு வருடம் மேஸ்திரியாக இருந்தவனுக்குப் பேச்சு எப்படி வரும் என்று நீயே பார்த்திருக்கிறாய். ரம்பம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கூப்பிட்டாலும் கேட்காது. அங்கே பேச்சு என்றால் நாலு சொல்: நிறுத்து, தள்ளு, திருப்பு, கையை எடு. அதையும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தால் எவனுடைய விரலாவது போயிருக்கும். ஒருவன் ஒழுங்காக வேலை செய்தால் அவனிடம் பேச்சே கிடையாது. ஒரு வாரம் நான் ஒருவனிடம் வாயைத் திறக்கவில்லை என்றால் அவன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவான். மேஸ்திரி பேசாமல் இருப்பதுதான் அங்கே பாராட்டு. மில்லில் இது எல்லாருக்கும் தெரியும். வீட்டில் இருந்த உனக்கு யார் சொன்னார்கள்? நீ பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்த அன்றைக்கு நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பாராட்டிக்கொண்டிருந்தேன். நீ கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாய்.

வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற ஆள் என்று என்னை மில்லில் மெச்சுவார்கள். எனக்கும் அதில் ஒரு கர்வம். துண்டானது எது எது என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

உனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது உன் குரல் உடைந்தது. ஒருநாள் நான் கத்தினதற்கு நீ என் குரலிலேயே திருப்பிக் கத்தினாய். அன்றைக்கு எனக்கு உள்ளே ஏதோ ஆகிவிட்டது. பயம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், ஆனால் அதுதான். அதற்குப் பிறகு உன்னிடம் நேரே பேசுவதை விட்டேன். "போய்ச் சொல்லு அவன்கிட்ட" என்று அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தேன். நீயும் அதையே பிடித்துக்கொண்டாய். "அவர்கிட்ட சொல்லும்மா." ஒரே கூடத்தில், நாலு முழ தூரத்தில், நீ ஒரு மூலை நான் ஒரு மூலை. நடுவில் கையைத் துடைத்துக்கொண்டு அவள். கீழ்வீட்டுத் தையல்காரர் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்குத் தனியா ஒரு தபால் ஆபீஸே இருக்கு போல" என்று சிரித்துவிட்டுப் போனார். நாம் மூன்று பேரும் சிரிக்கவில்லை.

ஆனால் அந்தத் தபால் ஆபீஸில் ஒரு விசேஷம். போட்ட தபால் போட்டபடி போய்ச் சேராது. நான், "இந்த மார்க்குக்கு மாடு மேய்க்கப் போகலாம்னு சொல்லு" என்பேன். அவள் உன்னிடம் வந்து, "அப்பா கணக்குல கொஞ்சம் கவனம் வெக்கச் சொல்றார்" என்பாள். நீ, "அவருக்கு என்ன தெரியும்?" என்பாய். அவள் என்னிடம் வந்து, "யோசிக்கிறேன்னு சொல்றான்" என்பாள். நான் கொடுப்பது செதிலும் சிம்புமாக ஒரு கட்டை, உன் கைக்கு வருவது இழைத்த பலகை. இது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். அரைகுறையாகத் தெரியும். தெரிந்ததால் வந்த வினைதான் எல்லாம். எப்படிப் பேசினாலும் அவள் பார்த்துக்கொள்வாள் என்ற தைரியத்தில் என் வாய் வருடத்துக்கு வருடம் கெட்டுப்போனது.

நீ முதல் சம்பளத்தில் எனக்குக் கைக்கடிகாரம் வாங்கி வந்தாயே, அதை அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். இது எதுக்கு வீண்செலவு என்று கேட்டேன். உன்னிடம் வேறு ஏதோ சொல்லியிருப்பாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, இனி அவளிடம் கேட்கவும் முடியாது. அவள் என்ன சொல்லியிருந்தாலும் அதுதான் உண்மை என்று வைத்துக்கொள். கடிகாரம் இப்போதும் கையில் இருக்கிறது.

இனி மில்லில் நடந்த அந்த நாளுக்கு வருகிறேன்.

நீயும் என் மில்லிலேயே சேர்ந்து, ரம்பத்தில் வேலைக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அன்றைக்கு மத்தியானம் பெரிய கட்டை ஒன்று ஏற்றியிருந்தோம். நீ தள்ளினாய், ரம்பம் அறுந்தது, ஒரு துண்டு பறந்து போய்ச் சாணைக்காரர் கையைக் கிழித்தது. ரம்பத்துக்குப் பல் தீட்டுகிற அந்த மனுஷரோடு நான் இருபது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவன். பத்தொன்பது தையல். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் ரத்தம் என் சட்டையில் காய வீட்டுக்கு வந்தேன். எல்லாரும் சொன்னதைத்தான் நானும் நம்பினேன், பையன் அவசரப்பட்டு வேகமாகத் தள்ளிவிட்டான் என்று.

நான் படுக்கையறையில் உட்கார்ந்திருந்தேன். நீ கூடத்தில். நான் அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். அவள் கதவு வரை போய் நின்று, திரும்பி, "அப்படியேவா சொல்லணும்?" என்று கேட்டாள். இது உனக்குத் தெரியாது. நான் சொன்னேன், "அப்படியே சொல்லு. ஒரு எழுத்து மாத்தாம சொல்லு. நீ பூசி மெழுகித்தான் அவன் இப்படிக் கெட்டான்." அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் போனாள். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக நான் கொடுத்ததைக் கொடுத்தபடி உன்னிடம் சேர்த்தாள். உள்ளே இருந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். "இவனைப் பெத்ததுக்குப் பதிலா ஒரு மரத்தை நட்டிருந்தா உபயோகமா இருந்திருக்குமாம். இனி அவர் கண்ணுல படவேண்டாமாம்." என் சொல்தான். அவள் குரலில் கேட்டபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

நீ, "இதை அவரே சொல்லமாட்டாரா?" என்று கேட்டாய். அவள் வந்து வாசலில் நின்று, "அவரே சொல்லமாட்டாரான்னு கேக்கறான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் எழுந்து நாலு எட்டு வைத்திருந்தால் போதும். வெளியே வந்து, ஏதோ ஆத்திரத்துல சொல்லிட்டேன்டா என்று சொல்லியிருந்தால் போதும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ ஷூ லேஸ் கட்டுவது கேட்டது. ஒரு லேஸ் கட்ட யாருக்கும் அவ்வளவு நேரம் ஆகாது. நீ காத்துக்கொண்டிருந்தாய் என்று எனக்கு அப்போதே தெரியும். நீ மறுபடி ஏதாவது கேட்கட்டும் என்று நானும் காத்துக்கொண்டிருந்தேன். பிறகு கதவு சாத்துகிற சத்தம் வந்தது.

உன் அம்மா அன்றைக்கு அழவில்லை. என் முன்னால் வந்து நின்று, "இனிமே நான் சுமக்கமாட்டேன். உங்களுக்குப் பையன் வேணும்னா நீங்களே பேசிக்குங்க" என்று சொன்னாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நீ போய்ச் சேர்ந்த ஊரிலிருந்து அவளிடம் பேச ஆரம்பித்த பிறகும், என்னுடைய ஒரு வார்த்தையையும் உன்னிடம் அவள் கொண்டுவரவில்லை. நான் இரண்டு மூன்று தடவை, "வரச் சொல்லு அவனை" என்று சொல்லிப் பார்த்தேன். போனை என் பக்கம் நீட்டுவாள். நான் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவேன். அவள் அன்றைக்கு அப்படியே போய்ச் சொன்னதால்தான் நீ போனாய் என்று வருடக்கணக்கில் அவள்மேல் கோபமாக இருந்தேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே எய்தவனே அம்பை நொந்துகொண்டிருந்தான்.

உன் ஞாயிற்றுக்கிழமை போனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினோரு மணிக்கு நீ கூப்பிடுவாய். அவள் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து பேசுவாள். நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் உட்கார்ந்திருப்பேன். நீ சொன்னதை எல்லாம் அவள் சத்தமாகத் திருப்பிச் சொல்வாள். "என்னது, வேலையை மாத்திட்டியா?" "பெண் குழந்தையா? மூணு கிலோவா?" "காது வலியா? ரெண்டு நாளா தூங்கலையா?" உன் கல்யாணம், உன் பெண் பிறந்தது, அவள் முதல் பல், எல்லாம் எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. நீகூட ஒருநாள் ஏன் எல்லாத்தையும் திருப்பிச் சொல்றே என்று கேட்டிருப்பாய் போலிருக்கிறது. "காது மந்தமாயிட்டு வருதுடா" என்று சொன்னாள். நானும் அதை நம்பிவிட்டேன், வயதாகிறதே என்று. ஆஸ்பத்திரியில் காதையும் சோதித்தார்கள். இருபது வயதுப் பெண்ணுக்கு இருப்பதுபோல் இருக்கிறது என்றார் டாக்டர். நான் வெளியே வராந்தாவில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். சுமக்கமாட்டேன் என்று சொன்னவள், உன் சேதியை மட்டும் வாராவாரம் எனக்குச் சுமந்து வந்திருக்கிறாள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பதாம் நாள் அவள் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்ததும், "அம்மா! எங்கம்மா போயிட்ட, ரெண்டு வாரமா?" என்றாய். பின்னால் ஒரு குழந்தை என்னவோ கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வைத்துவிட்டேன். நீ பதினான்கு தடவை திரும்பக் கூப்பிட்டாய். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, போன் அடிக்கும்போதெல்லாம் அவள் கண் அதன்மேலேயே போய் நிற்கும். அதைப் பார்க்க முடியாமல் போனை அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் வைத்தேன். நீ தையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாய். அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அங்கே போன் சரியாகக் கிடைப்பதில்லை என்று அவர் சொன்னது அவர் பொய் இல்லை. நான் சொல்லிக்கொடுத்தது. அவர் மேல் வருத்தப்படாதே. இப்போதெல்லாம் படியில் என்னைப் பார்த்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஏன் இப்படிச் செய்தேன் என்றால், உனக்குத் தெரிந்தால் நீ வருவாய். நீ வந்தால் நான் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். வேறு காரணம் இல்லை.

டீச்சர் வந்த முதல் நாள் நான் அம்மாவிடம் பேசுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தேன், "தண்ணி வேணுமா? படுக்கிறியா? ஃபேனைப் போடட்டுமா?" என்று ஒன்றன்மேல் ஒன்றாக. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சர் சொன்னாள், "சார், அவங்களுக்குக் காது நல்லாக் கேக்குது. நீங்க கத்தினா வர்ற வார்த்தையும் பயந்து உள்ள போயிடும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டு அவங்க முகத்தைப் பாருங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. பத்து முடியறவரைக்கும் நீங்க வாயைத் திறக்கக்கூடாது." எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தேழு வருடமாக அவளோடு குடித்தனம் பண்ணுகிறேன், நேற்று வந்த பெண் எனக்கு அவளோடு பேசச் சொல்லித் தருகிறாளே என்று.

அடுத்த நாள் யாரும் இல்லாதபோது செய்து பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏதாவது வேணுமா?" என்று மெல்லக் கேட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தேன். பத்து எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியாது. நாலாவதிலேயே எனக்கு நாக்கு துடித்தது. பற்களைக் கடித்துக்கொண்டேன். ஏழாவதில் அவள் இடது கையை மெல்லத் தூக்கி ஜன்னலைக் காட்டினாள். வெயில் அவள் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. திரையை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாளாக அந்த நேரத்துக்கு அவள் அழுததை நான் நோய் என்று நினைத்திருந்தேன். முப்பத்தேழு வருடத்தில் அவளுக்கு நான் ஏழு எண்ணிக்கை கொடுத்ததில்லை. உனக்கும்தான்.

அவளிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல். 'சொல்லு.' தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், தலைவாரிவிட்டால் அதற்கும் அதுதான். "சொல்லு, சொல்லு." இந்த நோய் வந்த சிலருக்கு இப்படி ஏதாவது ஒரு சொல் தங்கிவிடுமாம். அதற்கு அர்த்தம் தேடக்கூடாது, அது வெறும் சத்தம் மாதிரிதான் என்று டீச்சர் சொல்கிறாள். இருக்கலாம். இந்த வீட்டில் அவள் காதில் அதிகமாக விழுந்த சொல் எது என்று எனக்குத்தான் தெரியும்.

இப்போது அந்த ஏழு வருடத்துச் சேதி.

விபத்து நடந்த ஐந்தாம் நாள் சாணைக்காரர் கையில் கட்டோடு மில்லுக்கு வந்தார். அறுந்த ரம்பத்தைக் கொண்டுவரச் சொல்லி, பல் பல்லாகத் தடவிப் பார்த்தார். "வேகத்துல அறுந்தா பல்லு இப்படி மழுங்காது. இது இரும்பைக் கடிச்சிருக்கு" என்றார். மிச்சக் கட்டையை உளியால் பிளந்தோம். உள்ளே, விரல் நீளத்துக்கு ஓர் ஆணி. மரம் சின்னதாக இருந்தபோது வேலிக்கோ எதற்கோ யாரோ அடித்தது. மரம் வளர்ந்து அதை மூடிக்கொண்டுவிட்டது. பட்டையில் ஒரு சின்ன வடு மட்டும் இருந்தது.

நீ தள்ளினது சரியான வேகம்தான். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. கட்டையை ரம்பத்துக்கு அனுப்பும் முன் வடு இருக்கிறதா, உள்ளே இரும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது மேஸ்திரியின் வேலை. அன்றைக்கு நான் பார்க்கவில்லை. சாணைக்காரர் கை கிழிந்தது என்னால். உபயோகமில்லாதவன் என்று நான் உனக்குக் கொடுத்த பட்டம் எனக்கு வரவேண்டியது.

சாணைக்காரர் என்னைக் குறை சொல்லவில்லை. "பையன்கிட்ட இன்னிக்கே சொல்லிடு, பாவம், தூங்கியிருக்கமாட்டான்" என்றார். சரி என்றேன். ஒரு வாரம் கழித்து, "சொல்லிட்டியா?" என்று கேட்டார். சொல்லிட்டேன் என்றேன். "என்ன சொன்னான்?" என்றார். ஒண்ணும் சொல்லல என்றேன். அந்த ஆணியை ஒரு தகர டப்பாவில் போட்டு, திருகாணிகளோடு வைத்தேன். உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அடுத்த நிமிஷம், நீங்களே அவன்கிட்ட பேசுங்க என்று போனை நீட்டுவாள் என்று தெரியும். நீ புது ஊரில் மரவேலைப் பக்கமே போகாமல் வேறு வேலை தேடிக்கொண்டதை அவள் திருப்பிச் சொன்னபோது, ஏன் என்று எனக்குப் புரிந்தது. அப்போதும் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு வாக்கியம். 'உன்மேல் தப்பு இல்லை.' இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு ஏழு வருடம் ஆகியிருக்கிறது.

முந்தாநாள் காலையில் டப்பாவைத் திறந்து ஆணியை எடுத்து அம்மாவின் இடது உள்ளங்கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தாமல், மெல்ல, ஒவ்வொரு வாக்கியமாக. சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். பத்து போனது. இருபது போனது. அவள் ஆணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அதைக் கீழே போட்டுவிட்டு, அதே கையால் என் நெஞ்சில் அடித்தாள். கையில் பலமே இல்லை, குழந்தை தட்டுவதுபோல்தான் இருந்தது. இரண்டாவது தடவையும் அடித்தாள். நான் நகரவில்லை. பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு" என்றாள். "சொல்லு. சொல்லு. சொல்லு." முகமெல்லாம் கண்ணீர்.

அர்த்தம் தேடக்கூடாது என்று டீச்சர் சொன்னதை இந்த ஒரு தடவை நான் கேட்கவில்லை. அன்றைக்கு உட்கார்ந்தவன், மூன்றாம் நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆணியை இதோடு வைத்து அனுப்பலாம் என்று தபால் நிலையத்தில் கேட்டேன். உறையைக் கிழித்துவிடும் என்று வாங்க மறுத்துவிட்டார்கள். மேஜைமேல் இருக்கிறது. வந்து பார்த்துக்கொள்.

ஆமாம், வா. 'முடிந்தால்' என்பதை எடுத்துவிட்டேன். இந்த நோய் மறுபடியும் வரலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். உன் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. அவர்களுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீயாவது வா. இது மேஸ்திரி போடுகிற உத்தரவு இல்லை. கேட்கிறேன். என்னை மன்னித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்பதில்லை. மன்னிக்காமலே வா. கோபம் இருந்தால் அதையும் கொண்டுவந்து என்னிடம் நேராகக் கொடு, யாரிடமும் சொல்லி அனுப்பாதே. வாங்கிக்கொள்ள இந்தத் தடவை நான் கூடத்தில் இருப்பேன்.

அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று எழுதிவிடுகிறேன், வந்து தடுமாறாதே. அவளுக்கு இடது பக்கமாக உட்கார். வலது பக்கம் இருப்பவர்கள் அவள் கண்ணுக்குச் சரியாகப் படுவதில்லை. ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். அவள் தேடுகிற வார்த்தையை நீ எடுத்துக் கொடுக்காதே, அவளே தேடட்டும். அழுதால் பேச்சை மாற்றாதே, கூடவே இரு. அவள் போனைத் துண்டுகளுக்கு அடியிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நீ கூப்பிட்டால், அவள் காதில் நான் பிடித்துக்கொள்கிறேன். அவள் 'சொல்லு' என்பாள். நீ பேசிக்கொண்டே இரு. என்னிடம் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று அவள் தவிப்பாள். அதனால் நீயே கொஞ்சம் சத்தமாகப் பேசு, எனக்கும் கேட்கும்.

நீயும் உன் மனைவியும் அந்தக் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இதை என் பெயரைச் சொல்லி அம்மா உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருப்பாள். இது நானே சொல்வது.

கடைசியாக ஒன்று. நீ வரும்போது கதவைத் திறக்க அவளால் முடியாது, நான்தான் திறப்பேன். திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அப்படியே நிற்பேன் என்று நினைக்கிறேன், என்னை எனக்குத் தெரியும். கோபம் என்று எண்ணித் திரும்பிவிடாதே. வாசலிலேயே நின்று பத்து எண்ணு. பத்தில் வரவில்லை என்றால், உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இன்னொரு பத்து எண்ணு.

யார் வாயிலாகவும் இல்லாமல்,
உன் அப்பா